செருப்பு எண்ணிய சனிக்கிழமை

சன்மோனிக்கு வயிறு வலித்தால் எங்கள் மாடியில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். பாதி நாள் ஒன்றும் நடக்காது, அது வேறு விஷயம். நடக்காவிட்டால், இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கு என்று சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் வெந்நீர் குடிப்பாள்.

தாய்லாந்தில் சியாங் மாய்க்கு மேலே மலையில் இருக்கிற அந்த விடுதிப் பள்ளியில் நானும் அவளும் மூன்று வருடம் ஒரே அறை. இரண்டாம் மாடி, ஏழாம் அறை. நான் மலேசியாவில் ஈப்போக்காரி. ஜன்னலோரக் கட்டில் பூட்டானிலிருந்து வந்த கின்லேயுடையது. வாயாடி, கூடைப்பந்து பைத்தியம். கதவோரக் கட்டில் ஹேரினுக்கு. கொரியாவில் புசான் நகரத்துப் பெண், எங்களைவிட ஒரு வகுப்பு சின்னவள். சன்மோனி கம்போடியாவில் பட்டாம்பாங். அவள் அம்மா அங்கே சந்தையில் காலை நேரத்தில் மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் விற்கிறாள்.

அந்த வீட்டுப் பெண் இந்தப் பள்ளிக்கு எப்படி வந்தாள் என்றால், சிங்கப்பூரில் ஓர் அறக்கட்டளை. படிப்பு, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு மதிப்பெண் குறையக் கூடாது, நடத்தையில் கரும்புள்ளி விழக் கூடாது. எங்களுக்குக் கரும்புள்ளி என்றால் சனிக்கிழமை நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஏற முடியாது, அவ்வளவுதான். அவளுக்கு என்றால் நேராக விமான நிலையம். இதை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தூங்கி எழுந்ததும் முதலில் அவள் ஞாபகத்துக்கு வருவதே அதுதான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகள் விடுதி அலுவலகத்தில் இரும்புப் பெட்டியில் இருக்கும். வாரம் ஒரு தடவை போய், என்னுடையது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவாள். இருக்கிறது என்று சொன்னால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய புளித்த மீன் விழுதை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி வைத்திருப்பாள். வாசனையைப் பற்றி யாராவது புகார் செய்துவிட்டால் என்று பயந்து, விரலை நனைத்துத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, மொட்டைமாடி மூலையில் நின்று சாப்பிடுவாள். யாரும் புகார் செய்ததில்லை. சொல்லப்போனால் நாங்கள் மூன்று பேரும் அதில் பங்கு கேட்டுப் பின்னாலேயே ஏறிப் போவோம்.

இப்படிப்பட்டவளைத்தான் விடுதிப் பொறுப்பாளர் குரு சுமாலி எங்கள் அறைத் தலைவி ஆக்கினார். பயப்படுகிறவள்தான் கதவைச் சரியாகப் பூட்டுவாள் என்பது அவர் கணக்கு. குரு என்றால் அந்த ஊரில் டீச்சர். எல்லா டீச்சரும் குருதான்.

அறைத் தலைவிக்கு முக்கியமான வேலை ஒன்று. மாலை ஆறு மணிக்கு மணி அடித்ததும் அறை வாசலில் நின்று, உள்ளே எத்தனை பேர் என்று படிக்கட்டின் கீழே நிற்கிற குருவுக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொருத்தியையும் முகம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எங்கள் மாடியில் எவளும் முகம் பார்த்ததில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்ப்பார்கள். நாலு ஜோடி இருந்தால் நாலு பேர். ஒருத்தி குளித்துக்கொண்டிருப்பாள், ஒருத்தி போர்வைக்குள் கிடப்பாள், இவர்களை எல்லாம் யார் போய் எழுப்புவது? அந்த ஊரில் செருப்பில்லாமல் யாரும் வெளியே போவதில்லை, செருப்போடு யாரும் உள்ளே வருவதுமில்லை. ஆகவே செருப்புக்கணக்கு பொய்த்ததே கிடையாது. குருக்களுக்கும் இது தெரியும். முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்து பார்க்க அவர்களுக்கு மட்டும் ஆசையா என்ன.

சன்மோனி மட்டும் சட்டத்தை சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவள் பதில் சொன்னாலும் விடாமல், கதவை ஒரு விரற்கடை திறக்கச் சொல்லி முகத்தைப் பார்ப்பாள். தூங்குகிறவளின் போர்வையை விலக்குவாள். மற்ற அறைகள் எல்லாம் சொல்லி முடித்து, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆட்கள் போகத் தொடங்கிய பிறகுதான் ஏழாம் அறையின் குரல் கேட்கும். கின்லே அவளுக்கு சுங்க அதிகாரி என்று பெயர் வைத்தாள். பெயர் மாடி முழுக்கப் பரவியது. கேட்டால் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் வராது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழன் முதல் அரைப்பருவ விடுமுறை. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வந்து கூட்டிப்போவார்கள். வராதவர்களின் பிள்ளைகள் ஏதாவது குரு வீட்டில் தங்க வேண்டும். ஹேரினின் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். நகரத்தில் ஹோட்டல் அறை எடுத்தாயிற்று, அங்கே நீச்சல்குளம் இருக்கிறது என்று போட்டோவை எங்களிடம் ஒரு வாரமாகக் காட்டிக்கொண்டிருந்தாள் ஹேரின். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் காட்டவில்லை. ஆறு மணிக்குப் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக் கிடந்தாள். சன்மோனி வழக்கம்போல வந்து விலக்கினாள்.

ஹேரின் எழுந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"தினமும் வந்து என் மூஞ்சியப் பாக்கறியே, நீ என்ன ஜெயில் வார்டனா? ஒரு நாளாச்சும் என்னை எண்ணாம விடு."

அவர்கள் ஊர் வழக்கப்படி ஹேரின் எங்கள் மூன்று பேரையும் அக்கா போட்டுத்தான் கூப்பிடுவாள். அன்றைக்கு அக்கா இல்லை. கின்லே, அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார் என்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். சன்மோனி போர்வையைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு, வாசலுக்குப் போய் நாலு என்று சொன்னாள். குரல் அடங்கியிருந்தது. இரவு வெகு நேரம் வெந்நீர் குடித்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேலா ஹேரின் மேலா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஹேரினுக்கு அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. வேலை, வர முடியாது, ஒரு குரு வீட்டில் தங்கிக்கொள், அடுத்த தடவை கட்டாயம். வெள்ளிக்கிழமையே சந்தேகம் இருந்திருக்கிறது, இப்போது உறுதி. அவள் அதைக் கின்லேயிடம் மட்டும் சொன்னாள். அழாமல், வெயில் அடிக்கிறது என்கிற மாதிரி சொன்னாளாம். சொல்லிவிட்டு கின்லேயிடம் மிளகாய் வறுவல் ஒரு பாக்கெட் வாங்கித் தின்றாளாம். அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் கின்லேயும் விளையாடப் போய்விட்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணி அடித்தபோது நான் தலையோடு போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தேன். கின்லே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தலை அலசிக்கொண்டிருந்தாள். ஹேரினின் கட்டிலில் எப்போதும்போல தலையணையும் போர்வையும் மலையாகக் குவிந்து கிடந்தன. தலைமாட்டில் அவள் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. போனை விட்டுவிட்டு அவள் பக்கத்து அறைக்குக்கூடப் போகமாட்டாள். சன்மோனி வாசல் வரைக்கும் வந்தாள்; இதெல்லாம் பிறகு அவளே சொன்னது. உள்ளே எட்டி வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கீழே குனிந்து பார்த்தாள். கின்லேயின் விளையாட்டு ஷூ, என் செருப்பு, அவளுடைய செருப்பு, பின்பக்கம் மிதித்து மிதித்துத் தட்டையாகிப்போன ஹேரினின் வெள்ளை ஷூ.

"ஏழாம் அறை, நாலு."

அவள் குரல் எல்லா அறைகளுக்கும் முன்னால் கேட்டதில் குரு சுமாலியே தலையைத் தூக்கிப் பார்த்தாராம்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு ஹேரின் வரவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமைகளில் அறையிலேயே ராம்யோன் என்கிற கொரிய நூடுல்ஸ் போட்டுத் தின்பது அவள் வழக்கம். சன்மோனி மட்டும் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். மாடி ஏறி வந்ததும் கால் கழுவக் குளியலறைக்குப் போனவள், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குளியலறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. நீல ரப்பர், மேலே ஏழு என்று வெள்ளைப் பெயிண்ட், இரண்டு ஜோடி. அது குளியலறை வாசலைத் தாண்டி வரவே வராது. அதை மாட்டிக்கொண்டு அறைக்குள் ஓர் அடி வைத்தாலே ஹேரின் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவாள். அங்கே ஒரு ஜோடிதான் இருந்தது.

"கின்லே, நீ தலை அலசுறப்ப இங்க எத்தனை ஜோடி இருந்துச்சு?"

ஒன்றுதான், இன்னொன்றை யாராவது கழுவ எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்ததாக கின்லே சொன்னாள். சன்மோனி போய் ஹேரினின் போர்வையை விலக்கினாள். மெத்தையும் தலையணையும்தான் இருந்தன. அடுத்தடுத்த அறைகளில் கேட்டோம், துணி உலர்த்தும் அறையில் பார்த்தோம், மொட்டைமாடியில் மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தோம். எங்கும் இல்லை. அப்போதுதான் கின்லே அந்தச் செய்தியைப் பற்றி எங்களிடம் சொன்னாள்.

அந்த மலையில் மழைக்குப் பச்சைப் பாம்பு படிக்கட்டுக்கு வந்துவிடும். பள்ளிக்குக் கீழே வளைந்து வளைந்து போகும் ரோட்டில் லாரிகள் விளக்கில்லாமல் இறங்கும். ஒருத்தி மனம் வெறுத்துப்போய், வழுக்கும் ரப்பர் செருப்போடு போயிருக்கிறாள். எப்போது போனாள் என்றுகூட யாருக்கும் தெரியாது.

சன்மோனி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். கின்லே அவள் கையைப் பிடித்தாள்.

"இப்போ கீழ போய்ச் சொன்னா, முதல் கேள்வி என்ன கேப்பாங்க தெரியுமா? ஆறு மணிக்கு நாலுன்னியே, யாரைப் பாத்துச் சொன்னேன்னு கேப்பாங்க. செருப்பப் பாத்தேன்னு சொல்லுவியா? வேற யாரா இருந்தாலும் திட்டோட போயிடும். உனக்கு அப்படி இல்லடி. கொஞ்ச நேரம் நாமளே தேடலாம்."

கின்லே சொன்னதில் தப்பில்லை. அவள் கெட்டவளும் இல்லை. திங்கட்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஆள் வரப்போவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பருவத்துக்கு ஒரு முறை வந்து, குருக்களிடம் சன்மோனியைப் பற்றிக் கேட்டு, அவளோடு தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அதற்காக அவள் சீருடையை வெள்ளிக்கிழமையே இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். சன்மோனி படிக்கட்டில் பாதி வரைக்கும் இறங்கினாள். அங்கேயே உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். பட்டாம்பாங் சந்தையில் அவள் அம்மா இருட்டோடு எழுந்து நூடுல்ஸ் பிழிவது என் கண்முன் வந்தது. அவள் கண்முன் வராமலா இருந்திருக்கும்.

"மழை பெய்யுது," என்றாள் யாரிடமோ. எழுந்து மிச்சப் படிகளையும் இறங்கினாள்.

குரு சுமாலி தன் மேஜையில் மூங்கில் கூடையிலிருந்து பசையரிசிச் சோற்றை எடுத்து உருட்டி, சுட்ட கோழியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சன்மோனி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குரு, ஏழாம் அறையில மூணு பேர்தான். ஹேரின் இல்ல. நான் ஆளைப் பாக்கல. செருப்பை எண்ணிச் சொல்லிட்டேன்."

குரு திட்டவில்லை. உருட்டிய சோற்றைக் கூடையிலேயே திரும்ப வைத்தார்.

"எப்போலேருந்து இல்ல?"

"தெரியல குரு. ஆறு மணிக்குப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் முகம் வெளுத்தது. மாடி மாடியாகச் செருப்புக்கணக்கு நடப்பது அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்திருப்பது வேறு, அதை ஒருத்தி எதிரில் நின்று வாய்விட்டுச் சொல்வது வேறு. அடுத்த நிமிஷம் பெரிய மணி அடித்தது. எல்லா அறையும் காலியாகி, எல்லா முகமும் எண்ணப்பட்டது. அன்றைக்கு ஒரு செருப்பையும் யாரும் பார்க்கவில்லை.

காவலாளிகள் டார்ச் விளக்கோடு பெரிய வாசலுக்கும் ரோட்டுக்கும் ஓடினார்கள். சன்மோனி குருவிடம், ஹேரினின் அம்மா போன தடவை வந்தபோது கார் எங்கே நின்றது என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நிற்கவில்லை. பெற்றோர் கார் நிறுத்தும் இடம் விடுதிக்குப் பின்னால், மூங்கில் புதருக்கு நடுவே படிக்கட்டு இறங்கிப் போனால் வரும். கூரைக்குத் தகரம் போட்ட ஒரு கொட்டகை. விடுமுறை தவிர மற்ற நாளில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. நானும் கின்லேயும் குருவும் அவள் பின்னால் ஓடினோம். படியெல்லாம் சேறு. பாதி வழியில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு நீலச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. ஏழு என்று எழுதியிருந்தது. நான் அலறியே விட்டேன்.

ஹேரின் கொட்டகையில் சிமென்ட் பெஞ்சுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். படியில் வழுக்கிப் பக்கத்து ஓடையில் விழுந்து, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அங்கிருந்து கொட்டகைக்குத் தவழ்ந்தே வந்திருக்கிறாள். உதடு நீலமாகி, பல் தந்தியடித்தது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் அவள் பேசியதே சரியாகக் கேட்கவில்லை. ஓடிப்போகவெல்லாம் அவள் நினைக்கவில்லை. அம்மா வந்து நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று, எதை மாட்டினோம் என்றுகூடப் பார்க்காமல் குளியலறையிலிருந்து அப்படியே பின்படிக்கட்டு வழியாக இறங்கி வந்துவிட்டாள்.

சன்மோனி தன் மேல்சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினாள். ஹேரின் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்க்கா இவ்ளோ லேட்டு? நான் கத்தக்கூட இல்ல. ஆறு மணிக்கு அக்கா போர்வையத் தூக்கிப் பாப்பா, நான் இல்லேன்னு தெரிஞ்சதும் தேடி வந்துருவான்னு உக்காந்திருந்தேன். மணி அடிச்சது இங்க கேட்டுச்சு. இப்ப வருவா, இப்ப வருவான்னு…"

சன்மோனி அவள் ஈர முடியை முகத்திலிருந்து ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இன்னிக்கு நான் உன்னை எண்ணல."

ஹேரினுக்கு அப்போதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் அழ ஆரம்பித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். குரு சுமாலி டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹேரினுக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல். ஞாயிற்றுக்கிழமை சன்மோனியின் அம்மா வழக்கம்போல போனில் கூப்பிட்டு, சோறு தின்றாயா என்று கேட்டாள். தின்றேன் என்றாள் இவள். வேறு எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சீருடையோடு போய் அறக்கட்டளைக்காரர் முன்னால் உட்கார்ந்தாள். குரு சுமாலியும் கூடப் போனார். தேநீர் யாரும் குடிக்கவில்லையாம். கரும்புள்ளி விழுந்தது. அறைத் தலைவிக்கான கைப்பட்டை பிடுங்கப்பட்டது. ஆனால் விமான நிலையம் இல்லை. தானாக வந்து சொன்னாள் என்று குரு வாதாடியிருக்கிறார். வருடக் கடைசி வரைக்கும் பார்ப்போம், இன்னொரு தடவை என்றால் பேச்சே கிடையாது என்று முடிந்தது. இன்னும் ஆறேழு மாதத்துக்கு வயிற்றுவலி என்று அர்த்தம். மலைமேல் இருந்த அத்தனை அறைத் தலைவிகளும் செய்ததை ஒருநாள் செய்தவளுக்கு மட்டும் தண்டனை. எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. அவளோ, போன உயிர் திரும்பி வந்ததுபோல மூன்று தட்டுச் சோறு தின்றாள்.

பட்டை கின்லேக்கு வந்தது. அடுத்த நாள் ஆறு மணிக்கு அவள் வாசலில் போய் நின்றாள். சன்மோனி தன் கட்டிலில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. கின்லே என்னைப் பார்த்தாள், கட்டுப்போட்ட காலோடு கிடந்த ஹேரினைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். ஹேரின் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். ஊன்றுகோலை எடுத்து, நொண்டி நொண்டி அறையைக் கடந்து போய் சன்மோனியின் எதிரில் நின்றாள். முன்னால் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, முகத்தைக் குனிந்து காட்டினாள்.

"பாத்துக்கோக்கா."

சன்மோனி பார்த்தாள். அவள் தலையை ஆட்டிய பிறகுதான் கின்லே கீழே பார்த்து நாலு என்று சொன்னாள். அன்றைக்கும் எங்கள் அறைதான் கடைசி.